தோட்டக் கேள்விகள்: வேரையும் கிளையையும் ஒரே நாளில் வெட்டலாமா?

மரத்தைச் சிறு தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் கலை பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியதன் விளைவாக, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைக் குறித்தே இருந்தன. ஒரே வினாவைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

முத்தியால்பேட்டை வாசகி: மூன்று ஆண்டுகளுக்கு முன் மலர்க் கண்காட்சியில் வாங்கிய, ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த ஃபைகஸ் போன்சாய் ஒன்று எங்கள் மொட்டைமாடியில் இருக்கிறது. சில மாதங்களாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி, பின்பு விளிம்பு வழியாக வழிந்துவிடுகிறது. கிளைகளும் தாறுமாறாக வளர்ந்துவிட்டன. தொட்டி மாற்றுவதையும் கவாத்து செய்வதையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

தங்கள் கடைசி வினாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் புதிதாகப் போன்சாய் வளர்ப்பவர்கள் மரத்தை இழப்பது பெரும்பாலும் அந்த ஆசையினால்தான். ஒரு மரத்துக்கு ஒரு பருவத்தில் ஒரு பெரிய காயம் போதும். வெட்டுப்பட்ட வேர் மீண்டும் தழைப்பதற்கு வேண்டிய உணவை இலைகள்தாம் தயாரிக்க வேண்டும்; கிளைகளையும் சேர்த்து மொட்டையடித்துவிட்டால் அந்த உணவு எங்கிருந்து வரும்? அதே சமயம், வேர் குறைந்த மரத்தால் முன்போல அத்தனை இலைகளுக்கும் தண்ணீர் கொடுக்க இயலாது என்பதும் உண்மை. ஆகவே, தொட்டி மாற்றும் நாளில் நீண்டு தொங்கும் நுனிகளை மட்டும் லேசாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தடித்த கிளைகளை அகற்றி மரத்தின் உருவத்தை மாற்றும் வேலையை, புதுத் தளிர்கள் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் இறங்காமல் தேங்குவது, தொட்டி முழுவதும் வேர் நிரம்பிவிட்டது அல்லது மண் பொடிந்து இறுகிவிட்டது என்பதற்கான அடையாளம். வடிகால் துளை வழியாக வேர் எட்டிப் பார்ப்பதும், செடி தொட்டியின் விளிம்பைவிட மேலே எழும்பி நிற்பதும் இதே செய்தியைச் சொல்பவை. வேகமாக வளரும் இளம் ஃபைகஸுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், முதிர்ந்த மரத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் தொட்டி மாற்ற வேண்டியிருக்கும். தாங்கள் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்பதால், காலம் கடந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

எப்போது செய்வது என்பதில்தான் புத்தகங்கள் நம்மை ஏமாற்றுகின்றன. இளவேனிலில் மொட்டு விரியும் முன் தொட்டியை மாற்றுங்கள் என்று அவை கூறுவது, பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் ஜப்பானிய மரங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நம் ஆலும் அரசும் ஃபைகஸும் அப்படி உறங்குவதில்லை. அவற்றுக்கு வெயிலும் வெதுவெதுப்பும் இருந்தால்தான் வேர் விரைவாகத் தழைக்கும். புதுச்சேரி, கடலூர்க் கரைக்கு நான் பரிந்துரைக்கும் காலங்கள் இரண்டு. தை கடைசியில் தொடங்கிப் பங்குனி நடுப்பகுதி வரை ஒன்று. ஆடியும் ஆவணியும் மற்றொன்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்குச் சொன்னதாயினும் தொட்டிக்கும் பொருந்தும். கத்தரி வெயிலில் தொட்டி மாற்றினால் வேர் பிடிக்கும் முன்பே இலைகள் கருகிவிடும். நமக்கு ஆண்டின் பெருமழை கிடைக்கும் ஐப்பசி, கார்த்திகையிலோ வெட்டுப்பட்ட வேர் ஈரத்திலேயே கிடந்து அழுகிவிடும். சித்திரையில் கிடைத்த ஒரு விடுமுறை நாளை வீணாக்க மனமின்றி, நான்கு ஆண்டுகள் வளர்த்த அரசங்கன்றைத் தொட்டி மாற்றி, பத்தே நாளில் அதை விறகாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதல் நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால், மண் சற்றுக் காய்ந்து எளிதாக உதிரும். அடிமரத்தைப் பிடித்து இழுக்காமல், தொட்டியின் உள்விளிம்பைச் சுற்றி மெல்லிய கத்தியை ஓட்டி வேர்க்கட்டியைத் தளர்த்தி எடுங்கள். பிறகு மழுங்கிய மூங்கில் குச்சி ஒன்றினால், தலைக்குச் சிக்கெடுப்பதைப் போல, வெளியிலிருந்து தொடங்கி வேர்களைக் கோதிவிடுங்கள். சுற்றிச் சுற்றி வளர்ந்த நீண்ட வேர்களும், நேர் கீழாக இறங்கும் தடித்த வேர்களும் முதலில் போக வேண்டியவை. மரத்துக்குத் தண்ணீர் குடித்துக் கொடுக்கும் மெல்லிய சல்லி வேர்களை இயன்றவரை காப்பாற்றுங்கள். முதல் முறை செய்பவர் மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. இவ்வளவும் நிழலில், காற்று வீசாத இடத்தில் நடக்க வேண்டும். அருகில் நீர்த் தெளிப்பான் ஒன்றை வைத்துக்கொண்டு வேர்களை அவ்வப்போது நனைத்துக்கொண்டே இருங்கள். தொலைபேசி மணி அடித்தது என்று எழுந்து போய்த் திரும்புவதற்குள் சல்லி வேர் காய்ந்துவிடும்.

புதுத் தொட்டியின் துளைகளைக் கொசுவலைத் துண்டால் மூடி, அத்துளைகள் வழியாகவே ஒரு கம்பியை உள்ளே விட்டு, மரத்தை அமர்த்திய பின் வேர்க்கட்டியின் மேலாக அக்கம்பியை முறுக்கி இறுக்குங்கள். இதைப் பலர் தேவையற்ற வேலை என்று விட்டுவிடுகிறார்கள். கடற்காற்றில் மரம் ஆடிக்கொண்டே இருந்தால் புதிதாக முளைக்கும் நுண்வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால், நம் ஊரில் இது கட்டாயம். பின்னர் கலவையைப் பரப்பி, குச்சியால் குத்திக் குத்தி, வேர்களுக்கு இடையே வெற்றிடம் இல்லாதபடி நிரப்புங்கள். துளையின் வழியே தெளிந்த நீர் வெளிவரும் வரை பூவாளியால் தண்ணீர் ஊற்றி, மூன்று வாரம் அரை நிழலில் வையுங்கள். குறைந்தது ஒரு மாதத்துக்கு உரம் எதுவும் வேண்டாம்.

நெல்லிக்குப்பம் வாசகர்: வாரந்தோறும் கத்தரிக்கோலால் என் ஆல் போன்சாயின் நுனிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் மேற்பகுதி மட்டும் அடர்ந்து, கீழ்க்கிளைகள் மெலிந்துகொண்டே போகின்றன. என் தவறு என்ன?

மரம் முழுவதையும் ஒரே அளவாக வெட்டுவதுதான் தவறு. உச்சிக் கொழுந்தில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழிறங்கி வந்து, கீழுள்ள மொட்டுகளை உறங்க வைக்கிறது. காட்டில் வெளிச்சத்துக்குப் போட்டியிட வேண்டிய மரத்துக்கு இது வரம். ஒரு முழ உயரத் தொட்டி மரத்துக்கோ இதுவே கேடு. தாங்கள் மேலேயும் கீழேயும் சமமாக வெட்டும்போது, வலுவுள்ள உச்சி ஒரு வாரத்தில் மீண்டுவிடுகிறது. வலுவற்ற கீழ்க்கிளை மீள்வதற்குள் அடுத்த வாரக் கத்தரி வந்துவிடுகிறது. ஆகவே, உச்சியை அடிக்கடியும் ஒட்டியும் வெட்டுங்கள். மெலிந்த கீழ்க்கிளையின் நுனியைத் தொடாமல் அது விரும்பிய தூரம் ஓட விடுங்கள். ஓடும் கிளைதான் தடிக்கும். அலங்கோலமாகத் தெரிகிறதே என்று வீட்டார் சொல்வார்கள். ஓர் ஆண்டுக்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேண்டிய பருமன் வந்த பின் அதைக் குறுக்கிக்கொள்ளலாம்.

மற்றக் கிளைகளுக்கு, வாரக் கணக்கைவிட இலைக் கணக்கே நல்லது. ஒரு தளிர் ஆறு முதல் எட்டு இலை வரை விட்ட பிறகு, இரண்டு அல்லது மூன்று இலையை நிறுத்தி வெட்டுங்கள். கடைசியாக நிறுத்தும் இலை எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ, அந்தப் பக்கமாகவே புதுக் கிளை புறப்படும் என்பதால், எந்த இலைக்கு மேல் வெட்டுவது என்பதை அந்தத் திசையே முடிவு செய்ய வேண்டும்.

தடித்த கிளைகளை அகற்றுவது வேறு வேலை. ஒரே இடத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போலப் பல கிளைகள் புறப்பட்டால் அந்த இடம் வீங்கிவிடும் என்பதால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். அடிமரத்தை நோக்கி உள்ளே திரும்பியவை, செங்குத்தாக எழுந்து நிற்பவை, பிற கிளைகளைக் குறுக்கே கடப்பவை ஆகியவையும் பொதுவாகப் போக வேண்டியவையே. மரத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் முதற்கிளை அமைந்தால் பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது மரபு. ஆலுக்கு இதை நான் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை, ஏனெனில் நம் ஊர் ஏரிக்கரை ஆலமரங்கள் எதுவும் அந்த அளவுகோலைப் பார்த்து வளர்ந்தவை அல்ல. எந்தக் கிளையை வெட்டுவது என்று ஐயம் எழுந்தால், அக்கிளையை ஒரு பழைய துணியால் மூடி, இரண்டு நாள் தள்ளி நின்று பாருங்கள். வெட்டிய கிளையை ஒட்டவைக்க முடியாது.

வெட்டும்போது கிளை புறப்படும் இடம் சற்றே குழிவாகும்படி வெட்டினால், ஆறும்போது பட்டை மேடு தட்டாமல் மூடிக்கொள்ளும். ஆல், அரசு, அத்தி ஆகிய எல்லாவற்றிலும் வெட்டியவுடன் பால் வடியும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, நின்ற பிறகு காயப் பசை தடவுங்கள். அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறை நல்லது.

கடலூர் முதுநகர் வாசகர்: தோட்ட மண்ணோடு கடற்கரை மணலைக் கலந்து நிரப்பினேன். இப்போது தொட்டியின் விளிம்பில் வெண்மையாகப் பூத்திருக்கிறது. இலை நுனிகள் கருகுகின்றன.

அது உப்பு. கடற்கரை மணலை எத்தனை முறை கழுவினாலும் போன்சாய்க்கு நான் பயன்படுத்தமாட்டேன்; உப்பு போனாலும் அது மிக நுண்ணிய மணல். தங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரும் உவர்ப்பாக இருக்கக்கூடும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதும், முடியாதபோது மாதம் ஒருமுறை நல்ல நீரைத் தொட்டி நிறைய ஊற்றி வடியவிட்டு உப்பைக் கழுவுவதும் உதவும்.

தோட்ட மண் ஏன் கூடாது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் புது ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் தோய்த்துப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். சொட்டி நின்ற பிறகு அதையே நெடுக்காக நிமிர்த்துங்கள். மீண்டும் தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம்தான் மாறியது. எந்தத் தொட்டியிலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் வடியாமல் தங்கிவிடுகிறது; அந்த உயரத்தை முடிவு செய்வது தொட்டியின் ஆழம் அன்று, மண்ணின் பருமன்தான். பொடி மண்ணில் அந்த ஈர அடுக்கு உயரமாக இருக்கும். ஆழமான தொட்டியில் அதற்கு மேலே வேர் மூச்சுவிட இடம் இருக்கிறது. இரண்டு அங்குல ஆழமுள்ள போன்சாய்த் தட்டில் மரம் முழுவதும் அந்த ஈரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் போன்சாய்க் கலவை பருக்கையாக, கொத்தமல்லி விதையிலிருந்து மிளகு அளவு வரை, அதாவது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்.

ஜப்பானில் இதற்கென அகடாமா என்ற களிமண் குறுணை உண்டு. அதை இங்கே வரவழைக்கும் செலவில் நான்கு மரங்களையே வாங்கிவிடலாம். நன்கு வெந்த செங்கல்லை உடைத்துச் சலித்தது இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிச் சலித்த இலை உரம் அல்லது தொழு உரம் ஒரு பங்கு என்பது எனக்குக் கைகொடுக்கும் கலவை. செங்கல் தன் நுண்துளைகளில் நீரைப் பிடித்துக்கொள்ளும்; இடைவெளியில் காற்று நிற்கும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்குபவர்கள், அதிலுள்ள கல்மாவு முழுவதும் போகும் வரை அலச வேண்டும். எதைக் கலந்தாலும் சலித்த பிறகு கீழே விழும் தூளை ரோஜாத் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். தென்னை நார்க் கழிவை அதிகம் சேர்க்காதீர்கள். மழைக்காலத்தில் அது நாள்கணக்கில் ஈரத்தை விடாது.

தொட்டியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அப்பகுதியில் மண்பாண்டம் வனைபவர்களிடம் தட்டையான தொட்டியைச் சொல்லிச் செய்யச் சொல்லலாம். சூளையில் வைக்கும் முன்பே இரண்டு பெரிய வடிகால் துளைகளும், கம்பி நுழையச் சில சிறு துளைகளும் போடச் சொல்லிவிடுங்கள். சுட்ட பிறகு துளையிட்டால் பெரும்பாலும் விரிசல்தான் மிஞ்சும்.

லாஸ்பேட்டை வாசகி: ஆடியில் தொட்டி மாற்றிய ஃபைகஸின் இலைகள் பத்தாம் நாளிலிருந்து மஞ்சளாகி உதிர்கின்றன. குளிர்சாதன அறையில் வைத்து, இலைகளுக்கு வலுவூட்ட டி.ஏ.பி. கரைத்து ஊற்றினேன். காப்பாற்ற முடியுமா?

முதலில் உரத்தை நிறுத்துங்கள். காயம்பட்ட வேரில் உரம் படுவது புண்ணில் உப்பிடுவதற்குச் சமம். நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி இதுவரை சேர்ந்ததை வடித்துவிடுங்கள். இடம் மாறினாலே இலை உதிர்ப்பது ஃபைகஸின் சுபாவம், ஆகவே உதிர்ந்ததைக் கண்டு மரம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை இருந்தால் உயிர் இருக்கிறது. குளிர்சாதன அறையின் வறண்ட காற்று இப்போது அதற்கு ஆகாது. காலை வெயில் மட்டும் படும் தாழ்வாரத்தில் வையுங்கள். இலை குறைந்த மரம் குறைவாகத்தான் குடிக்கும் என்பதால், மேல் மண் உலரத் தொடங்கிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். வேர் பிடித்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒயிட் டவுன் வாசகர்: பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் மதிலில் தொங்கும் காகிதப்பூவைப் போன்சாயாக வளர்க்க இயலுமா?

மிக நன்றாக இயலும். நம் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் இதைவிடப் பொருத்தமானது அரிது. பிரேசிலைச் சேர்ந்த இச்செடி, 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பெயரைத் தாங்கியிருப்பதால், தங்கள் தெருவுக்கு அது உறவுமுறைதான். புதுத் தளிரில்தான் அது பூக்கும். எனவே ஒரு பூப்பு முடிந்தவுடன் கவாத்து செய்தால் அடுத்த பூப்புக்கு மரம் தயாராகும். ஓயாமல் நுனி கிள்ளிக்கொண்டே இருந்தால் இலைதான் மிஞ்சும். மொட்டு வைக்கும் காலத்தில் தண்ணீரைச் சற்றுக் குறைப்பதும் பலன் தரும்.

இரண்டு எச்சரிக்கைகள். இதன் வேர் எளிதில் ஒடியக்கூடியது. ஃபைகஸைப் போல மண் முழுவதையும் உதறிக் கோதாமல், வெளிப்புறத்தை மட்டும் தளர்த்தி, குறைவாகவே வெட்டுங்கள். இரண்டாவதாக, இதன் கட்டை வெட்டிய இடத்திலிருந்து பின்னோக்கிக் காய்ந்துகொண்டே வரும் இயல்புடையது. தடித்த கிளையை ஒட்ட வெட்டாமல் ஒரு சிறு முளையை விட்டு வெட்டி, அது காய்ந்து நின்ற பிறகு செதுக்கிச் சீராக்கிக் காயப் பசை தடவுங்கள். திறந்து விட்ட காயம் மழையில் மக்கி உட்குடைந்துவிடும்.

பண்ருட்டி வாசகர்: பலாவைப் போன்சாயாக்கிக் காய்க்க வைக்கலாமா?

கவாத்தினால் இலையை ஓரளவு சிறிதாக்கலாம், பழம் சிறிதாகாது. தங்கள் ஊர்ப் பலாவின் எடையைத் தட்டில் நிற்கும் எந்த மரமும் தாங்காது. கனி வேண்டுமானால் அத்தி வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: மரத்தைப் பட்டினி போட்டு முடமாக்குவது பாவம் என்று என் மாமியார் போன்சாயை வீட்டுக்குள் விட மறுக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

தலமரமான பாதிரியின் பெயரையே ஊரின் பெயராகக் கொண்டவர்களுக்கு மரத்தின் மீது அக்கறை இருப்பது இயல்பே. அவரோடு வாதிட வேண்டாம். ஆனால் பட்டினி என்பது மட்டும் சரியன்று. பட்டினி போட்ட மரம் குள்ளமாகாது, செத்துவிடும். நாளுக்கு ஒன்றிரண்டு முறை நீரும், தவறாத உரமும், உரிய காலத்தில் புது மண்ணும் கிடைப்பதால்தான் தொட்டி மரம் நீடித்து வாழ்கிறது. 1625 முதல் போன்சாயாகப் பேணப்பட்டுவந்த வெள்ளைப் பைன் ஒன்று, 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு வீட்டு மதிலின் மறைவில் நின்று தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்டு, வாஷிங்டன் நகரில் இன்றும் பசுமையாக நிற்கிறது. மண்ணை மாற்றி வேரைத் திருத்த ஆளில்லாமல் இருந்திருந்தால் அது ஒரு தலைமுறையைக்கூடக் கடந்திராது.

தங்கள் மாமியாரின் மனம் இளக வேறொரு வழி உண்டு. பறவைகளின் எச்சத்தால் பழைய வீட்டுச் சுவர் இடுக்குகளில் அரசும் ஆலும் முளைத்து நிற்பதையும், சுவர் வெடிக்கும் என்று பயந்து ஆட்கள் அவற்றை வெட்டி எறிவதையும் அவர் பார்த்திருப்பார். அப்படி எறியப்படவிருக்கும் கன்று ஒன்றை, வீட்டுக்காரரின் ஒப்புதலோடு, ஆடியில் கவனமாகப் பெயர்த்து வந்து தொட்டியில் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாம்.

சிதம்பரம் வாசகர்: எங்கள் ஊரின் தலமரமான தில்லையைப் பிச்சாவரத்திலிருந்து எடுத்துவந்து போன்சாயாக வளர்க்க விரும்புகிறேன். கவாத்து எப்போது செய்வது?

எப்போதும் வேண்டாம். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடியது. நாம் கண்ணருகே வைத்து, வருடம் முழுவதும் வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு கலைக்கு இதைவிட ஆபத்தான மரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. மேலும், பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி. அங்கிருந்து ஒரு கன்றைக்கூட அனுமதியின்றிப் பெயர்ப்பது குற்றம். தில்லையை வணங்குவதற்குக் கோயிலும், காண்பதற்குப் படகும் இருக்கின்றன. தொட்டிக்கு ஒரு கொடுக்காப்புளிக் கன்றைத் தேடுங்கள். சிறிய இலை, முறுக்கிய அடிமரம், வெட்டத் தளிர்க்கும் குணம் மூன்றும் அதற்கு உண்டு. முள்ளுக்கு மட்டும் கையுறை அணிந்துகொள்ளுங்கள்.